ஹோமரின் கரும்பலகை

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒரு நாள் பாடம் சீக்கிரமே முடிந்துவிட்டது. வெளியே நல்ல மழை, யாரும் கிளம்ப முடியாது. பலகையைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினேன்.

3987¹² + 4365¹² = 4472¹²

"இது சரியா தப்பான்னு சொல்லுங்க."

ஒரு பெண் பையிலிருந்து கேசியோ கால்குலேட்டரை எடுத்தாள். இன்ஜினியரிங் படிக்கிற அண்ணனுடையது. இடப்பக்கத்தை அடித்துக் கூட்டி, வந்த எண்ணுக்குப் பன்னிரண்டாம் படி மூலம் எடுத்தாள். பக்கத்திலிருந்த மூன்று தலைகள் அந்தச் சின்னத் திரையின் மேல் குனிந்தன.

"சார், 4472-தான் சார் வருது. புள்ளிகூட இல்ல!"

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் ஃபெர்மாவைப் பற்றி எங்கோ படித்திருக்கிறான். "அப்படி வரக்கூடாதே சார்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. 9-உம் 16-உம் சேர்ந்தால் 25. ஒரு வர்க்கமும் இன்னொரு வர்க்கமும் சேர்ந்து மூன்றாவது வர்க்கம் ஆகலாம். கனத்திலோ அதற்கு மேற்பட்ட எந்த அடுக்கிலோ அது நடக்கவே நடக்காது என்று 1637 வாக்கில் பியர் டி ஃபெர்மா ஒரு புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவைத்தார். நிரூபணம் என்னிடம் இருக்கிறது, எழுத ஓரத்தில் இடம் போதவில்லை என்றும் எழுதினார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆண்ட்ரூ வைல்ஸ் 1993-இல் நிரூபித்துவிட்டதாக அறிவித்தார், அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, 1994-இல் அதை அடைத்தார், 1995 மே மாதம் நிரூபணம் அச்சில் வந்தது. அதன்படி பலகையில் நான் எழுதிய வரி இருக்கவே முடியாத வரி. கால்குலேட்டரோ இருக்கிறது என்கிறது.

"யாரு சார் இதை எழுதினது?"

"ஹோமர் சிம்ப்சன்."

பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த மஞ்சள் முகம் தெரிந்திருந்தது. மீதிப் பேருக்கு ஃபோனில் படம் காட்டினேன். தலையில் இரண்டே முடி, பெருத்த தொப்பை, கையில் டோனட். அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு ஆய்வாளர் வேலை. 1989 டிசம்பரில் தனித் தொடராகத் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 'தி சிம்ப்சன்ஸ்' அனிமேஷன் தொடரின் குடும்பத் தலைவர்.

அந்த எபிசோடின் பெயர் 'எவர்கிரீன் டெரஸின் மந்திரவாதி'. 1998 செப்டம்பர் 20 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. தாமஸ் ஆல்வா எடிசனை 'மென்லோ பார்க்கின் மந்திரவாதி' என்று அழைப்பார்கள். சிம்ப்சன் குடும்பம் வசிக்கும் தெருவின் பெயரை அதில் ஏற்றித் தலைப்பு வைத்திருக்கிறார்கள். வாழ்க்கையில் பாதி முடிந்துவிட்டது, எதையும் சாதிக்கவில்லை என்ற கவலை ஹோமருக்கு வருகிறது. எடிசனைப் பற்றிக் கேள்விப்படுகிறார், படிக்கிறார், அவரைப் போலவே தானும் கண்டுபிடிப்பாளர் ஆகிவிடுவது என்று முடிவெடுக்கிறார். கரும்பலகை முன்னால் நின்று யோசிக்கிறார். அந்தக் காட்சி சில நொடிகள்தான். கதை நகர்ந்துவிடுகிறது.

நான் அதை முதலில் பார்த்தது பல வருடங்களுக்கு முன்பு, கேபிள் டிவியில். பலகையில் என்னவோ கணக்கு இருக்கிறது, 12-ஆம் அடுக்கு ஒன்று இருக்கிறது என்பது மட்டும் கண்ணில் பட்டது. டிவியை நிறுத்திப் பார்க்க வழியில்லை. கார்ட்டூன்காரர்கள் சும்மா எதையோ கிறுக்கியிருப்பார்கள் என்று விட்டிருக்கலாம், ஆனால் அந்த 12 மனதை விட்டுப் போகவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் அந்த எபிசோட் கிடைத்தபோது, முதல் வேலையாக அந்த இடத்தில் நிறுத்தி, நான்கு வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான்கில் எதுவுமே கிறுக்கல் இல்லை.

முதல் வரி ஹிக்ஸ் போசானின் நிறை. பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, 137 என்ற புகழ்பெற்ற எண்ணின் எட்டாம் அடுக்கு, பை எல்லாம் சேர்ந்த ஒரு சூத்திரம். ஹிக்ஸ் போசான் என்ற துகள் இருக்கவேண்டும் என்று 1964-இலேயே கணித்திருந்தார்கள். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது 2012 ஜூலை 4 அன்று. ஆகவே, 'பதினான்கு வருடம் முன்பே ஹோமர் சொல்லிவிட்டார்' என்று செய்திகள் சுற்றின. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹோமரின் சூத்திரம் தரும் விடை சுமார் 775 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். உண்மையான நிறை சுமார் 125. ஆறு மடங்கு அதிகம். கணித்துவிட்டார் என்று சொல்வது சரியில்லை. ஆனால் இயற்கையின் மாறிலிகளை மட்டுமே வைத்து விளையாட்டாகக் கட்டிய ஒரு சூத்திரம், பல கோடி மடங்கு தள்ளிப் போயிருக்கக்கூடிய இடத்தில், ஆறு மடங்குக்குள் வந்து நிற்கிறது. எனக்கு அதுவே போதுமான ஆச்சரியம்.

இரண்டாம் வரிதான் நான் பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டது. மூன்றாம் வரியில் ஒமேகா ஒன்றைவிடப் பெரியது என்றிருக்கிறது. பேரண்டத்தின் அடர்த்தியைக் குறிக்கும் எண் ஒமேகா. அது ஒன்றைவிடப் பெரியது என்றால், விரிகிற பேரண்டம் ஒருநாள் தன் எடையாலேயே உள்நோக்கிச் சரியும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஹோமர் அதை எழுதியதும் நிலவறையில் ஏதோ வெடிக்கிறது. உடனே அந்தக் குறியைத் திருப்பிப் போட்டு, ஒன்றைவிடச் சிறியது என்று மாற்றுகிறார். இப்போது பேரண்டம் என்றென்றைக்கும் விரியும். அந்த ஆண்டில்தான், தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்த வானியலாளர்கள் பேரண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று அறிவித்தார்கள். ஆடம் ரீஸ் குழுவின் கட்டுரை அச்சானது இந்த எபிசோட் வந்த அதே செப்டம்பரில். இது தற்செயல்தான். ஆனால் அந்தக் காலத்து வானியலில் எது சூடான கேள்வியோ, அது பலகையில் ஏறியிருக்கிறது.

நான்காவது ஒரு படம். டோனட் படிப்படியாக உருமாறி உருண்டையாகிறது. வடிவங்களை இழுத்து வளைத்து ஆராயும் கணிதப் பிரிவான டோபாலஜியில் அது கூடாது. கிழிக்காமல், ஒட்டாமல், இழுத்தும் வளைத்தும் மட்டுமே மாற்றவேண்டும், ஓட்டை உள்ள பொருள் ஓட்டையில்லாத பொருளாக ஆகவே முடியாது. ஹோமர் டோனட்டைக் கடித்துவிடுகிறார். அதனால் ஆகிறது.

இதையெல்லாம் பலகையில் ஏற்றியவர் டேவிட் எக்ஸ். கோஹன். ஹார்வர்டில் இயற்பியல் படித்து, பெர்க்லியில் கணினியியலில் முதுகலை முடித்து, பிறகு நகைச்சுவை எழுத வந்தவர். கருகிய பக்கத்தைக் கீழே வைத்து தோசைகளை அளவு வாரியாக அடுக்க எத்தனை முறை புரட்டவேண்டும் என்பது போன்ற ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் தோசைக்குப் பதில் பான்கேக். அதைப் பற்றி அவர் மானுவல் பிளமுடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 1995-இல் வந்தது. ஹோமரின் பலகைக்காகத் தன் பள்ளித் தோழர், கொலம்பியா பல்கலைக்கழக வானியலாளர் டேவிட் ஷிமினோவிச்சிடம் சூத்திரங்களைக் கேட்டு வாங்கினார். ஃபெர்மா வரி கோஹனுடையது. மயிரிழையில் தவறிப்போகும் எண்களைத் தேடிப் பிடிக்க ஒரு கணினி நிரலே எழுதியிருந்தார்.

இதற்கு மூன்று ஆண்டு முன்பே அவர் அப்படி ஒன்றைப் பிடித்துப் போட்டிருந்தார். 1995 அக்டோபரில் வந்த ஹாலோவீன் எபிசோடின் மூன்றாம் பகுதி அது. ஹோமர் சுவருக்குள் விழுந்து முப்பரிமாண உலகத்துக்குப் போய்விடுகிறார். தட்டையான கார்ட்டூன் திடீரென்று கணினி வரைகலை ஆகிவிடுகிறது. அந்த உலகத்தின் வெட்டவெளியில் எண்களும் சமன்பாடுகளும் மிதக்கின்றன. ஆய்லரின் சமன்பாடு ஒரு பக்கம். கணினியியலின் ஆகப்பெரிய விடைதெரியாத கேள்வியான 'பி = என்பி' இன்னொரு பக்கம். அன்று எல்லோரும் விளையாடிக்கொண்டிருந்த 'மிஸ்ட்' என்ற கணினி விளையாட்டின் நூலகக் கட்டடம் தூரத்தில் நிற்கிறது. 46, 72, 69 என்று தொடங்கும் ஓர் எண் வரிசையும் உண்டு. பதினாறடிமான எண்களான அவற்றை எழுத்துகளாக மாற்றினால் 'ஃப்ரிங்க் ரூல்ஸ்!' என்று வருகிறது; தொடரில் வரும் பேராசிரியர் ஃப்ரிங்குக்கு ஒரு ஜே. இவற்றுக்கு நடுவே,

1782¹² + 1841¹² = 1922¹²

வைல்ஸின் நிரூபணம் அச்சாகி ஐந்தே மாதம். அந்தச் சூட்டோடு, நிரூபணத்தைப் பொய்யாக்குவது போன்ற ஒரு வரி. இரு பக்கமும் நாற்பது இலக்க எண்கள். முதல் ஒன்பது இலக்கங்கள் அச்சாக ஒன்றே.

ஆனால் இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. இரட்டைப்படை எண்ணின் எந்த அடுக்கும் இரட்டை, ஒற்றைப்படையின் அடுக்கு ஒற்றை. 1782 இரட்டை, 1841 ஒற்றை, கூட்டினால் ஒற்றை. வலப்பக்கத்து 1922 இரட்டை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பார்த்தவுடன் 'தப்பு' என்று சொல்லிவிடலாம். 1998-இன் வரியில் அந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது. 3987 ஒற்றை, 4365 ஒற்றை, சேர்ந்தால் இரட்டை, 4472-உம் இரட்டை. அது மட்டுமில்லை, கடைசி இலக்கமும் ஒத்துப்போகிறது. இரு பக்கமும் 44 இலக்கங்கள், முதல் பத்து ஒன்றே, கடைசி இலக்கம் இரண்டிலும் 6. சில நொடி தோன்றி மறையும் ஒரு பலகைக்காக யாரோ உட்கார்ந்து சலித்தெடுத்த எண்கள் இவை.

நான் இதையே பல நாள் யோசித்திருக்கிறேன். தொடரின் அடிப்படை ஓவியங்கள் லாஸ் ஏஞ்சலீஸில் தயாராகும். இடைப்பட்ட ஓவியங்களும் வண்ணமும் தென்கொரியாவில். இத்தனை கைகள் மாறும்போது ஒரு 3 எங்காவது 8 ஆகியிருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. கதைக்கும் ஒரு கேடும் வந்திருக்காது. அது ஆகவில்லை. அன்று அமெரிக்க வீடுகளில் விசிஆர் இருந்தது, நாடாவில் பதிந்து நிறுத்திப் பார்ப்பவர்கள் இருந்தார்கள். லட்சத்தில் ஒருவர் நிறுத்திப் பார்த்துக் கணக்குப் போட்டால், அவருக்கு நாம் பொய்யாக எதையும் கொடுத்துவிடக் கூடாது என்று நினைத்தவர்கள் எழுதிய தொடர் இது. கோயில் கோபுரத்தின் மேல்நிலையில், கீழிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பொம்மைக்கும் விரல் நகம் வைக்கிற ஸ்தபதியின் மனசு என்று இதைச் சொல்வேன்.

இந்த எபிசோடின் கதையே சுவரைப் பார்ப்பதைப் பற்றியது என்பது இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஹோமர் எதையெதையோ செய்து தோற்கிறார். முகத்தில் ஒப்பனையைச் சுடும் துப்பாக்கி, ஆபத்து இல்லாதபோது அலறும் அலாரம். கடைசியில் உருப்படியாக ஒன்று கிடைக்கிறது: பின்னால் சாய்ந்தாலும் விழாதபடி கூடுதல் கால்கள் வைத்த நாற்காலி. சந்தோஷத்தில் இருக்கும்போது சுவரில் தான் ஒட்டிவைத்த எடிசனின் படத்தைப் பார்க்கிறார். எடிசன் உட்கார்ந்திருப்பது அதே நாற்காலியில். இத்தனை நாளும் அது அங்கேயே, பின்னணியில் இருந்தது! நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் உள்ள எடிசன் அருங்காட்சியகத்துக்கு மகன் பார்ட்டைக் கூட்டிக்கொண்டு போகிறார், அந்த நாற்காலியை உடைத்துவிட. உடைக்கக் கையை ஓங்கும்போது அங்கேயும் சுவரில் ஒன்று கண்ணில் படுகிறது. எடிசன் தன் சாதனைகளையும் லியோனார்டோ டாவின்சியின் சாதனைகளையும் ஒப்பிட்டுப் போட்ட அட்டவணை. தான் எடிசனைப் பார்த்து ஏங்கியது போல எடிசன் டாவின்சியைப் பார்த்து ஏங்கியிருக்கிறார். கை தானாக இறங்குகிறது. அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகள் வைத்திருந்த நிஜ எடிசனை நினைத்துக்கொண்டு அந்தக் கற்பனைக் காட்சியைப் பார்த்தால் தொண்டை அடைக்கும்.

வேறு எபிசோடுகளிலும் எண்கள் உண்டு. 2006-இல் வந்த ஒன்றில், மைதானத்தின் பெரிய திரை கூட்டத்தின் எண்ணிக்கையை ஊகிக்கச் சொல்கிறது: 8191, 8128, 8208. முதலாவது மெர்சென் பகா எண், இரண்டின் பதின்மூன்றாம் அடுக்கில் ஒன்று குறைவு. இரண்டாவது, தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் செவ்விய எண். மூன்றாவதின் ஒவ்வோர் இலக்கத்தையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் அதே எண் திரும்ப வரும். போட்டுப் பாருங்கள்.

இத்தனை அக்கறையுள்ள தொடரின் மேல் எனக்கு ஒரு தீராத வருத்தமும் உண்டு, அதைச் சொல்லாமல் போகக்கூடாது. கடைக்காரர் அபு, இந்தியர். 1993-இல் வந்த ஒரு எபிசோடில், பையின் மதிப்பை நாற்பதாயிரம் இலக்கம் வரை ஒப்பிப்பேன், கடைசி இலக்கம் 1 என்கிறார். அந்த ஒரு 1 சரியாக இருக்கவேண்டுமே என்று எழுத்தாளர்கள் நாசாவில் இருந்த கணிதவியலாளர் டேவிட் பெய்லிக்கு எழுதிக் கேட்க, அவர் நாற்பதாயிரம் இலக்கங்களையும் அச்சிட்டு அனுப்பினார். நாற்பதாயிரமாவது இலக்கம் 1-தான். ஆனால் அதே அபுவுக்கு இந்தியாவின் எந்த மொழியிலும் இல்லாத ஒரு குடும்பப் பெயரை வைத்தார்கள். நம் பேச்சைக் கேலி செய்வது போன்ற ஓர் உச்சரிப்பை ஹேங்க் அசாரியா பல பத்தாண்டுகள் அவருக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகளைப் பள்ளியில் அதே குரலில் சீண்டினார்கள். எதிர்ப்பு வலுத்தபின் 2020-இல் அசாரியா அந்தக் குரலைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். ஓர் இலக்கத்துக்குக் காட்டிய மரியாதையை ஒரு மனிதனின் பெயருக்கும் காட்டியிருக்கலாம். யாரிடமாவது ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் போதும்.

கோஹன் பிறகு, சிம்ப்சன்ஸை உருவாக்கிய மேட் க்ரோனிங்குடன் சேர்ந்து 'ஃபியூச்சராமா' என்ற இன்னொரு அனிமேஷன் தொடரை உருவாக்கினார். அது 1999 மார்ச்சில் தொடங்கியது. கென் கீலர் முதலான கணிதம் படித்த எழுத்தாளர்கள் அங்கே இருந்தார்கள். அந்தத் தொடரின் பின்னணியைக் கவனித்தால் ஓர் எண் திரும்பத் திரும்ப வரும். பெண்டர் என்ற ரோபோவுக்கு அதைச் செய்த இயந்திரத்திடமிருந்து வரும் வாழ்த்து அட்டையில் 'மகன் எண் 1729'. நிம்பஸ் என்ற விண்கலத்தின் உடலில் 1729. வேறொரு பேரண்டத்தின் எண்ணும் 1729.

நமக்கு விளக்கம் தேவையில்லாத எண் அது. லண்டன் புட்னியில் நோயாளியாகப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்ஸியின் எண். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று படுக்கையிலிருந்தே ராமானுஜன் சொன்னார். மூன்று விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 87539319. ஃபியூச்சராமாவின் 2007 படத்தில் ஒரு டாக்ஸியின் கூரையில் அந்த எண் இருக்கிறது. அதைப் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்தது. ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவருக்கு, அவர் இறந்து எண்பத்தேழு வருடம் கழித்து, யாரும் கவனிக்காத ஒரு கூரையில் மரியாதை.

ஆனால் 1729-க்கு இன்னொரு முகம் இருக்கிறது, அது ஹோமரின் பலகைக்கு நேராக வருகிறது. 9³ + 10³ = 1729. 12³ = 1728. ஒரே ஒரு எண்ணில் ஃபெர்மாவின் விதி தப்பிப் பிழைக்கிறது. ராமானுஜன் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவருடைய கடைசி ஆண்டுத் தாள்களை, தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று இன்று சொல்லப்படும் அந்தக் கட்டை, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் கண்டெடுத்தார். அதில் ஒரு பக்கம் முழுக்க இப்படி மயிரிழையில் தவறும் கனங்கள். ஒன்று கூடியோ ஒன்று குறைந்தோ நிற்பவை. அப்படிப்பட்டவற்றை முடிவில்லாமல் கொடுத்துக்கொண்டே போகும் ஒரு வழியும் எழுதியிருக்கிறார். கோஹனுக்கு நிரல் இருந்தது. ராமானுஜனுக்குக் காகிதமும் காய்ச்சலும்.

மழை பெய்த அன்று இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பலகையிலிருந்த வரியை மட்டும் வீட்டுக்கணக்காக விட்டுவிட்டேன். மறுநாள் ஒரு பையன் கடைசி இலக்கம் பார்த்துவிட்டு வந்தான். "7-க்கு 1 சார், 5-க்கு 5, சேர்ந்தா 6. அந்தப் பக்கம் 2-க்கும் 6-தான். சரியா வருதே சார்" என்று முகம் வாடி நின்றான். கால்குலேட்டர்ப் பெண் அண்ணனைக் கேட்டு, வந்த விடையிலிருந்து 4472-ஐக் கழித்துப் பார்க்கக் கற்றுவந்திருந்தாள். ஒன்பதாவது தசம இடத்தில் ஒரு 7 ஒளிந்திருந்தது. பத்து இலக்கம்தான் காட்டும் திரையில் அது தெரியாது.

கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினான். 3, 9, 8, 7 கூட்டினால் 27. 4, 3, 6, 5 கூட்டினால் 18. இரண்டும் மூன்றால் வகுபடும், அதனால் இடப்பக்கம் முழுக்க மூன்றால் வகுபடும். 4, 4, 7, 2 கூட்டினால் 17. வகுபடாது. அவ்வளவுதான், நான்கு வரியில் முடித்துவிட்டான். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அன்று பலகையில் ராமானுஜனின் எண்களை எழுதிப் போட்டேன். 135³-உம் 138³-உம் ஒரு பக்கம், 172³ ஒரு பக்கம். நடுவில் சமக் குறி போடவில்லை. கால்குலேட்டர் வேண்டாம், கையால் பெருக்குங்கள் என்றேன். அந்தப் பெண்தான் முதலில் முடித்தாள். நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல், கீழே பென்சிலால் கோடு போட்டு 5088447 என்றும், பக்கத்தில் 5088448 என்றும் எழுதியிருந்தாள்.

"ஒண்ணு இடிக்குது சார். எங்க தப்பு பண்ணேன்னு தெரியல" என்று நோட்டை நீட்டினாள்.